எந்தக் காலுக்கும் தைக்காத ஷூ

கதிருக்கு,

எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். வெடிமருந்து வந்த பிறகு ஐரோப்பாவில் படைகள் எப்படி மாறின, அந்த மாற்றம் கப்பலேறி நம் பக்கம் வந்தபோது என்ன ஆயிற்று என்று எழுதித் தர வேண்டுமாம். அதைத்தான் எழுதப் போகிறேன், ஆனால் உனக்கு எழுதப் போகிறேன். வாட்ஸ்அப்பில் மூன்று வரிக்கு மேல் போனால் நீ படிப்பதில்லை. போனில் கூப்பிட்டால் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். சென்னையில் நண்பனின் அறையில் படுத்துக்கொண்டு என்ன மீட்டிங் என்று நான் இதுவரை கேட்டதில்லை. மலர் இரண்டு நாளில் வெளிவருகிறது, அச்சில் வந்துவிட்டால் உனக்கு வேறு வழியில்லை. என் மாணவிகளில் ஒருத்தி பக்கத்தைப் படம் பிடித்து யாருக்காவது அனுப்புவாள், அது சுற்றிக்கொண்டு உன்னிடம் வரும், நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை படிப்பாய். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். அப்படியும் எழுதுகிறேன் என்றால் நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்.

அடுத்த வாரம் உனக்கும் ரேவதிக்கும் அவள் ஊரான கலவையில் கல்யாணம். அது முடிந்த கையோடு சென்னைக் கம்பெனியில் சேர்வதாக இருக்கிறாய். ஆம்பூரில் நம்முடைய சின்ன ஷூ கம்பெனிக்குள் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்பாவும் நீயும் பேசி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படம் பெரிதாக வேண்டுமா சின்னதாக வேண்டுமா என்பதைக்கூட நீ "அவர்கிட்ட கேட்டுச் சொல்லு" என்றாய், அவர் "அவன்கிட்ட கேட்டுச் சொல்லு" என்றார். நான் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். இரண்டு படைகளுக்கு நடுவே வெள்ளைக் கொடியைப் பிடித்துக்கொண்டு போய் வருகிறவனின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று எம்.ஃபில். படித்த நாளில் எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அவனுக்குச் சமாதானத்தைப் பற்றியெல்லாம் ஒரு எண்ணமும் இருந்திருக்காது. கால் வலித்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஆர்டர் வந்த நாளை நினைத்துப் பார். ஹாலந்தில் ஒரு மனிதர். வார நாட்களில் பல் டாக்டர், சனி ஞாயிறுகளில் கேப்டன். அவரும் கூட்டாளிகளும் பதினேழாம் நூற்றாண்டுச் சிப்பாய் வேஷம் போட்டு, புல்வெளியில் அணிவகுத்து, குண்டு போடாத பழைய மாதிரித் துப்பாக்கிகளால் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். செத்தவர்கள் எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொள்ள, எல்லோருமாகச் சாப்பிடப் போவார்கள். அவர்களுக்கு அந்தக் காலத்துச் சிப்பாய் ஷூ வேண்டும். சதுர மூக்கு, பித்தளை பக்கிள், எல்லாம் அசல் மாதிரி. நீயாகத் தேடிப் பிடித்த முதல் ஆர்டர் அது. போனை நீட்டி அப்பாவுக்கு மெயிலைப் படித்துக் காட்டினாய்.

"இன்னாடா இது, பொய்ச் சண்டை போடறவனுக்கு நெஜ ஷூ எதுக்கு?"

"அவங்களுக்கு எல்லாமே ஒரிஜினலா வேணும்ப்பா."

"ஒரிஜினல்னா குண்டும் இல்ல படணும்?"

நீ கோபித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாய். வந்து என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாய். இந்த வீட்டில் நான் வாழ வந்த நாள் முதல் யாரும் கேட்காத கேள்வி. "அம்மா, உன் எம்.ஃபில். தீசிஸ் எங்க?" அது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அடியில் இருந்தது. தரை ஈரம் ஏறாமல் இருப்பதற்காக உன் அப்பா வைத்தது. தடிமன் சரியாக இருந்ததாம். நீ பேட்டரியைத் தூக்கிப் பிடிக்க நான் என் ஆய்வை உருவினேன். என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. உள்ளே எனக்கு மாலை போட்டு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று உனக்குச் சொன்னதை வாசகர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் படைகள் பெருத்தன. முன்பு சண்டை வந்தால் ஆள் சேர்த்து, முடிந்தால் கலைத்துவிடுவார்கள். பிறகு மெல்ல மெல்ல அரசுகள் ஆட்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தன. வைத்துக்கொண்டால் சோறு போட வேண்டும், துணி கொடுக்க வேண்டும், ஷூ கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து ஷூவில் இடது வலது கிடையாது. ஷூவை இழுத்து உருவம் கொடுக்கும் கால் வடிவக் கட்டையை நம் ஊரில் லாஸ்ட் என்கிறோம். அப்போது இரண்டு காலுக்கும் ஒரே நேரான லாஸ்ட்தான். குதிகாலை உயர்த்தித் தைக்கும் பழக்கம் வந்த பிறகு இடம் வலமென்று ஜோடிக் கட்டை செதுக்குவது சிரமமாகிவிட்டது என்கிறார்கள். குவியலாகச் செய்து குவியலாக அள்ளிக் கொடுக்க வசதி என்கிறார்கள். இரண்டும் இருக்கலாம். ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. சில படைகளில் பிற்பாடு இன்னொரு விதியும் இருந்தது. இன்று வலது காலில் போட்டதை நாளை இடது காலில் போட வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே மாதிரி தேயும். விதிக்குக் கீழ்ப்படிந்த சிப்பாயின் ஷூ எந்தக் காலுக்கும் பழகியிருக்காது. கீழ்ப்படியாதவனுக்குச் சில வாரத்தில் தோல் வளைந்து கொடுத்து ஒரு இடதும் ஒரு வலதும் தானாகக் கிடைத்திருக்கும். எத்தனை பேர் கீழ்ப்படிந்தார்கள் என்று நான் படித்த எதிலும் இல்லை. நான் சிப்பாயாக இருந்திருந்தால் கீழ்ப்படிந்திருக்க மாட்டேன்.

நீ விடவில்லை. கம்பெனிக்கு வந்து எல்லோருக்கும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாய். வந்தேன். கல்லூரியில் நான் இதே பாடம் நடத்தினால் மூன்றாவது வரிசையிலிருந்து தலைகள் சாயும். உங்கள் மெஷின்களுக்கு நடுவே ஒருவரும் தூங்கவில்லை. லாஸ்டிங் பார்க்கும் சேகர், துப்பாக்கியில் மருந்து அடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். ஹாலந்துத் தளபதிகள் அந்த ஒரு வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை வைத்து, படம் வரைந்து பழக்கினார்கள் என்றேன். "அப்போ நம்ம லைனு மாதிரிதான். நம்ம சின்ன சாரு போன்ல டைம் பாத்துக்குனு பின்னாலயே நிப்பாரே, அது மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

மும்தாஜ் அக்காவும் சிரிக்கவில்லை. கடைசி மேஜையில் உட்கார்ந்து இடதையும் வலதையும் ஜோடி சேர்த்து, சரியில்லாததைத் தூக்கி எறிவது அவர் வேலை. உனக்குப் பல் முளைப்பதற்கு முன்பிருந்தே செய்கிறார். நீங்கள் தைத்து வைத்திருந்த மாதிரி ஷூ இரண்டையும் கையில் எடுத்தார், உள்ளங்கால் பக்கம் திருப்பினார், ஒன்றன்மேல் ஒன்று வைத்தார்.

"யா அல்லா. இன்னா மேடம், ரெண்டும் ஒரே காலு."

"ஆமாம்மா. அப்படித்தான் இருக்கணும்."

"ஒரே காலுன்னா ரிஜெக்ட் மேடம்."

"இல்ல, இதுல எதை வேணும்னாலும் எந்தக் காலுக்கு வேணும்னாலும் போட்டுக்கலாம்."

"அப்போ ஜோடி சேக்கறதுக்கு ஆளே வேணாம்னு சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போய் பேரனப் பாத்துக்கறேன்."

நீ உடனே, "அப்படியெல்லாம் இல்லக்கா, சொன்னதைச் செய்ங்க" என்றாய். அவரும் "சரிங்க சார்" என்றார். கதிர், மும்தாஜ் உன்னை சார் என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது பாதி. அப்பாவும் சேகரும் கையால் தைத்த இரண்டு ஜோடி மாதிரியில் ஒன்று ஹாலந்துக்குப் போனது, இன்னொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கம்பெனியில் நின்றது. கேப்டனுக்கு மாதிரி பிடித்துவிட்டது. நடந்தால் கடிக்காதா என்று அவர் கேட்டதற்கு, போட்டுப் பழகினால் காலுக்கேற்ப வளைந்து கொடுக்கும் என்று நீ உறுதி சொன்னாய். லாஸ்ட் செய்கிறவருக்கு அளவை அனுப்பிவிட்டு, ரேவதிக்குப் புடவை, மண்டபம் என்று சில வாரம் அப்பாவோடும் என்னோடும் கல்யாண வேலையில் அலைந்தாய். அளவு ஒரு காலுக்குத்தான் இருக்கிறது என்று கண்ட லாஸ்ட்காரர், பாவம் பையன் மறந்துவிட்டான், கல்யாண பேஜார் என்று நினைத்து, லேசாக வளைத்து அடுத்த காலையும் தானே போட்டுக் கொடுத்துவிட்டார். ஜோடியாக லாஸ்ட் வந்ததைப் பார்த்த சேகர், சின்ன சாருக்குப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வேலையை ஓட்டினார். மும்தாஜ் ஒவ்வொன்றின் உள்ளேயும் இடது, வலது என்று அழுத்தி முத்திரை குத்தினார். நீ கம்பெனிக்குத் திரும்பி வந்தபோது ஆர்டர் முழுவதும் அட்டைப்பெட்டியில் ஏறித் தயாராக நின்றது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அனுப்பும் முன் காட்ட வேண்டிய சில ஜோடிகளைக் கூரியரில் போட்டாய். கேப்டன் வீடியோவில் வந்தார். ஷூவைத் தூக்கி, உள்ளே இருந்த முத்திரையைக் காமிராவுக்கு நேராகப் பிடித்து, உன்னையே பார்த்தார். சொத்தைப் பல்லை அப்படித்தான் பார்ப்பாராக இருக்கும்.

இங்கே என் கட்டுரையைக் கொஞ்சம் எழுதிக்கொள்கிறேன். வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு பத்தியில் தளபதி கட்டளையிடுவார், அடுத்த பத்தியில் படை மாறியிருக்கும். மூன்று வரிசையாக நில், முதல் வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போ, அடுத்த வரிசை முன்னால் வா என்று சொன்னதும் எல்லாம் கடிகாரம் மாதிரி நடந்துவிட்டதாக எழுதுகிறார்கள். உன் நிச்சயதார்த்தத்தில் மூன்று பேர் வரிசையாகச் சாம்பார் ஊற்றியதைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். அந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவில் ஒரு மும்தாஜ் இருக்கிறார். ஒரு சேகர் இருக்கிறார். தவறு என்று தனக்குப் பட்டதைத் தன் கையால் நல்லெண்ணத்தோடு திருத்துகிற ஒரு லாஸ்ட்காரர் இருக்கிறார். அதனால்தான் ஒரே வீச்சில் போர்முறையே புரண்டுவிட்டது என்று சொல்கிற ஆசிரியர்களோடு நான் தீசிஸ் முழுவதும் சண்டை போட்டேன். மாற்றம் நடந்தது. தலைமுறைகள் ஆயின. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி கோணிக்கொண்டு நடந்தது. நம் நாட்டு அரசர்கள் சிலர் ஐரோப்பிய அதிகாரிகளைச் சம்பளத்துக்கு வைத்து அதே பயிற்சியைக் கொடுத்தார்கள். இங்கேயும் அது வேறு ஒன்றாக வளைந்தது. வேலூர்க் கோட்டைக்கு மாணவிகளைக் கூட்டிப் போகும்போதெல்லாம் இதைத்தான் சொல்வேன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரிகள் சிப்பாய்களின் தலைப்பாகையை மாற்றி, அதில் ஒரு தோல் குஞ்சம் வைத்தார்கள். தாடியை எடு, நெற்றிக் குறியை அழி என்றார்கள். அவர்களுக்கு அது உடுப்பு சமாச்சாரம். சிப்பாய்களுக்கு அப்படி இல்லை. கோட்டையில் நடந்த கிளர்ச்சிக்குத் தலைப்பாகை மட்டுமே காரணம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, தலைப்பாகைக்குச் சம்பந்தமே இல்லை என்கிறவர்களையும் நம்புவதில்லை. தலையில் வைப்பதற்கே அந்தப் பாடு என்றால் காலில் போடுவதற்கு யாரும் முணுமுணுக்காமல் இருப்பார்களா?

சரி, உன் சண்டைக்கு வருகிறேன். அன்று நானும் அங்கே இருந்தேன். கேப்டன் போனை வைத்ததும் நீ நேராகப் போய்ச் சத்தம் போட்டாய். அப்பா தன் மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஆட்களை ஒரு வார்த்தை சொல்லாதே என்றார். நீ ஒப்பிட்டுக் காட்ட மாதிரி ஜோடியைத் தேடினாய். அலமாரியில் இல்லை. "அதையும் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாய். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

"ஆரம்பத்துலேருந்தே உங்களுக்கு இது கிண்டல்தான். ஒரு நாளாவது அதைப் போட்டுப் பாத்தீங்களாப்பா?"

அவர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நீ பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாய்.

அதற்குச் சில நாள் முன்பிருந்தே உன் அப்பா நொண்டிக்கொண்டிருந்தார். முட்டி வலி என்றார். நானும் வயதாகிறது என்று நினைத்து எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். நீ போன பிறகு நொண்டல் ஜாஸ்தியானது. பையன் போன துக்கம் காலில் இறங்கிவிட்டது என்று உன் அத்தை போனில் சொன்னாள். துக்கம் அப்படியெல்லாம் இறங்காது என்று சொல்லிவிட்டு, மனசுக்குள் இறங்குமோ என்று நானும் யோசித்தேன். பிறகு ஒரு நாள் ரேவதியிடமிருந்து போன் வந்தது. உனக்கு மனைவியாகப் போகிறவள் வேலூரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிறாள் என்பது உன் அப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்திருக்கிறது. டாக்டரிடம் போனால் ஊசி போடுவார்கள் என்று யாருக்கும் சொல்லாமல் அவளிடம் போய் நின்றிருக்கிறார். அவள் முட்டியை மடக்கிப் பார்த்திருக்கிறாள், நடக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கடைசியில் வாசலில் கழற்றி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

"மாமா, உங்க முட்டி நல்லாதான் இருக்குது. ஷூவப் பாருங்க. ரெண்டும் ஒரே காலுக்குத் தச்சிருக்கு."

"ஒரே காலுக்கு இல்லம்மா. எந்தக் காலுக்கும் இல்லாம தச்சிருக்கு."

"இதப் போட்டுக்குனு ஏன் மாமா நடக்கறீங்க?"

"பழகுனா வளைஞ்சி குடுக்கும்னு எம்புள்ள வெள்ளைக்காரன்கிட்ட வாக்கு குடுத்துட்டான். வளையுதான்னு பாக்க வேணாமா? தெனம் மாத்தி மாத்திப் போடறேன், அந்தக் காலத்து ரூல்ஸ் அப்படித்தானாம். உங்க அத்த சொன்னா."

அந்த விதிக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய் யாராவது இருந்தானா என்ற கேள்விக்கு இத்தனை வருடம் கழித்து எனக்கு விடை கிடைத்தது. இருந்திருக்கிறான். என் வீட்டிலேயே, எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். நீ காணோம் என்று தேடிய ஜோடி, நீ கத்தியபோது உன் கண்ணெதிரே அவர் காலில் இருந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று ரேவதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அவள் என்னிடம் சொல்லும்போது, "சத்தியம் அவர்கிட்ட, உங்ககிட்ட இல்ல அத்தை" என்றாள். இந்தப் பெண் உன்னைப் பார்த்துக்கொள்வாள் என்ற நிம்மதி எனக்கு அப்போது வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரைக் கேட்டேன். "அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, போட்டுப் பாத்தீங்களான்னு அவன் கேட்டப்போ?"

"இன்னான்னு சொல்றது? கடிக்குதுன்னு சொன்னா அவன் குடுத்த வாக்கு பொய்யாய்டும். கடிக்கலன்னு சொன்னா நான் சொல்றது பொய்யாய்டும். கம்முனு இருந்துட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு நாம் அமிர்திக்குப் போன நாள் ஞாபகம் வந்தது. உனக்கு ஏழெட்டு வயது இருக்கும். மிருகக்காட்சிசாலை பார்க்கப் போனோம். புதுப் பள்ளிக்கூட ஷூவை நானே மாட்டிக்கொள்வேன் என்று அடம் பிடித்து, வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக்கொண்டாய். மான் கூண்டு அருகே வரும்போது நான் கவனித்துவிட்டேன். மாற்றிக்கொள் என்றதற்கு, "இதுதாம்மா எனக்கு வசதி" என்றாய். அருவிவரை அப்படியே வாத்து மாதிரி நடந்தாய். வழியில் ஒருவர் நின்று, பையனுக்குப் போலியோவா என்று என்னைப் பரிவோடு விசாரித்தார். அப்போதும் நீ ஒத்துக்கொள்ளவில்லை. உன் அப்பா சிரிக்காமல் உன் பக்கத்திலேயே நடந்தார். திரும்பும்போது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டார், உனக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை, "மேல இருந்து பாத்தா கொரங்கு நல்லா தெரியும்டா" என்றார். மும்தாஜ் அக்கா அன்று உங்கள் இருவரையும் பார்த்திருந்தால் திருப்பிப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரே காலு என்று சொல்லி எறிந்திருப்பார்.

இப்போது கம்பெனியில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு அப்பாவே கேப்டனைக் கூப்பிட்டார். அவருடைய ஆங்கிலம் உனக்குத் தெரியும். "சார், மிஸ்டேக் மை மிஸ்டேக். மை சன் நோ மிஸ்டேக். ஒன் மோர் சான்ஸ்." நேரான ஷூவைப் போட்டு நடந்து பார்த்தது யார் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். அப்பா காலைத் தூக்கி மேஜைமேல் வைத்து, மடிப்பு விழுந்த ஷூவைக் காமிராவில் காட்டியிருக்கிறார். பல் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்து, வாய்ப்பு கொடுத்தேன் என்றாராம். இதை உன் அப்பா சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த சேகர் சொன்னார். சேகர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர், ஆகவே எழுந்து நின்றதுவரை நம்பலாம். அப்பா லாஸ்ட் செய்கிற இடத்திலேயே போய் உட்கார்ந்து, அடுத்த காலைப் போட விடாமல் காவல் காத்து, நேரான கட்டைகளை வாங்கி வந்தார். மும்தாஜ் அக்காவுக்கும் வேலை போகவில்லை. காலைப் பார்த்து ஜோடி சேர்க்காமல், தோலின் நிறத்தையும் வரிகளையும் பார்த்துச் சேர்க்கிறார். முன்பைவிடக் கண்ணு போகிற வேலை என்கிறார். "ரெட்டப் புள்ளைங்க மாதிரி மேடம். எது மூத்ததுன்னு மட்டும் கேக்கக் கூடாது" என்று எனக்கே பாடம் நடத்தினார். முன்பு தைத்து வீணான இடது வலது ஷூக்கள் என்ன ஆயின என்று கேட்பாய். நம் ஆட்கள் எல்லோருக்கும், கலவையில் உன் மாமனார் வீட்டு ஆண்களுக்கும் ஆளுக்கொரு ஜோடி போயிருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஹாலந்துப் படை ஒன்று சதுர மூக்கும் பித்தளை பக்கிளுமாக நடந்து வரும். நீ அசந்து போகக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன்.

ஒன்று மட்டும் சரியில்லை. கேப்டன் தினமும் மெயில் அனுப்புகிறார். உன் அப்பா எல்லாவற்றுக்கும் யெஸ் என்று பதில் போடுகிறார். பக்கிள் பித்தளையிலா இரும்பிலா என்று கேட்டதற்கும் யெஸ். பிரித்துத் தனித்தனியாக அனுப்பலாமா, மொத்தமாகவா என்பதற்கும் யெஸ். நான் எழுதித் தருகிறேன் என்றால், "வேணாம், அது அவன் ஆர்டரு" என்கிறார். இந்த நிலைமை நீடித்தால் ஹாலந்தில் நிஜமாகவே சண்டை மூண்டுவிடும்.

சென்னைக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மேலேயிருந்து வருகிற கட்டளைகளுக்குக் கீழே என்ன ஆகிறது என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு, நானே ஒன்று போட்டால் என் தீசிஸ் மறுபடியும் பேட்டரிக்கு அடியில்தான் போக வேண்டும். நீ நல்ல வேலைக்காரன். எங்கே இருந்தாலும் பிழைப்பாய். ரேவதிக்கும் சென்னையில் வேலை கிடைக்கும். நீங்கள் இருவரும் பேசி எதை முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அப்பா உன் ஆர்டரைக் கிண்டல் செய்தார் என்ற நினைப்பில் அந்த முடிவை எடுக்காதே. கிண்டல் செய்தது உண்மைதான். செய்துகொண்டே போட்டு நடந்தார்.

கடைசியாக ஒரு விஷயம். மாப்பிள்ளை அழைப்பில் நீ போடுவதற்கு அப்பாவும் சேகரும் ஒரு ஜோடி தைத்திருக்கிறார்கள். பட்டு வேட்டிக்கு ஷூவா என்று நான் கேட்டேன். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு என்று ரேவதி வீட்டில் முடிவாகி நாளாயிற்றாம், எனக்குத்தான் யாரும் கேட்டுச் சொல்லவில்லை. நேரான லாஸ்டில் தைத்தது. புதிது, நிச்சயம் கடிக்கும். ரேவதியிடம் எச்சரித்து வைத்தேன். "கொஞ்சம் நொண்டுனா பரவால்ல அத்தை, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அதனால் நேராகக் கலவைக்குப் போகாமல், ஆம்பூரில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. உன் அறை வாசலில் அந்த ஜோடி இருக்கிறது. எது எந்தக் காலுக்கு என்று எனக்கு போன் செய்யாதே. அவர்கிட்ட கேட்டுச் சொல்லு என்றும் சொல்லாதே, நான் இனிமேல் கொடி பிடிப்பதாக இல்லை. கையில் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்று நீயே கேள். அவர் என்ன பதில் சொல்வார் என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் கேள்.

அம்மா